வட்டத்துக்கு முன்பக்கம் ஏது?



குடும்பக் கலைகளைப் பற்றிய எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "அக்கா, குடும்பமாகச் சேர்ந்து ஆடுவதெல்லாம் வெள்ளைக்காரர்கள் பழக்கம்தானே? நமக்கு மேடையில் பரதம் இருக்கிறது, கோயிலில் காவடி இருக்கிறது. அம்மா, அத்தை, பாட்டி, பேத்தி எல்லாரும் ஒன்றுகூடி ஆடியதாக நம் வரலாற்றில் எங்கே இருக்கிறது?"

கை தட்டினார்கள். எனக்கு இரண்டு நிமிடம்தான் இருந்தது. "இருக்கிறது தம்பி, கும்மியும் கோலாட்டமும் நம்முடையவைதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்தியது. அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய மீதிப் பாதியை இந்தப் பக்கத்தில் சொல்கிறேன். அதில் என் குற்றம் ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

*ஆடவில்லை, அடித்தார்கள்*

முதலில் நம் மொழியையே கவனியுங்கள். பரதம் ஆடினாள் என்கிறோம். கரகம் ஆடினார் என்கிறோம். ஆனால் கும்மியை எப்படிச் சொல்கிறோம்? கும்மி அடித்தார்கள், கும்மி தட்டினார்கள், கும்மி கொட்டினார்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்லிவருகிறோம். அங்கே ஆட்டம் என்ற சொல்லே வருவதில்லை!

இது தற்செயல் அல்ல. குடும்பப் பெண்ணுக்கு 'ஆட்டம்' என்ற சொல் ஆகாது என்று ஒரு காலம் இருந்தது. "என்ன ஆட்டம் போடுகிறாய்?" என்பது இன்றும் வசவுதான். தமிழ்நாட்டில் சதிராட்டம் ஆடிய பெண்களை ஒதுக்கி வைத்த சமூகம், 1930களில் அந்தக் கலைக்கே பரதநாட்டியம் என்று பெயர் மாற்றி மேடையேற்றியது. 1936ல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். அதன் பிறகே நடுத்தர வீட்டுப் பெண்கள் சலங்கை கட்டுவது மரியாதைக்குரிய செயலானது. அந்த விவாதம் நடந்த காலத்திலும், அதற்கு முன்பும், கிராமத்துப் பெண்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் கும்மி தட்டிக்கொண்டிருந்தார்கள். அது 'ஆட்டம்' என்ற கணக்கில் வரவில்லை. ஆகவே யாரும் தடுக்கவில்லை. அதனாலேயே யாரும் அதைக் கலை என்று பதிந்து வைக்கவும் இல்லை.

நம் இளைஞருக்கு வரலாற்றில் கும்மி தென்படாததற்கு இது ஒரு காரணம். பாட்டிகளைக் கேட்டால், "நான் ஆடினதே இல்லை சாமி" என்பார்கள். "கும்மி தட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

*ஜொகூருக்கு வட்டம் வந்த கதை*

ஜொகூர் காட்டை வெட்டி முதலில் காம்பீரும் மிளகும் பயிரிட்டவர்கள் சீனர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. 1909ல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்ததும், சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று தண்டவாளத்தை ஒட்டியே தோட்டங்கள் விரிந்தன. பால்மரம் சீவக் கங்காணிகள் தங்கள் ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார்கள்.

ஆனால் கும்மி உடனே வந்துவிடவில்லை. ஏன்? கும்மிக்குப் பெண்கள் வேண்டும். அதுவும் ஒருவர் இருவர் போதாது. ஒரு வட்டம் சேர வேண்டும். தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும்கூட மலாயா இந்தியர்களில் இரண்டு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவுதான் இருந்தது. ஆண்கள் காவடி எடுத்தார்கள், ஒயிலாட்டம் ஆடினார்கள், இரவில் கூத்துக் கட்டினார்கள். பெண்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்து, இங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் வளர்ந்த பிறகுதான் கும்மி வட்டம் முழுதாக மூடியது.

1938ல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குக் கூலி வேலைக்குச் செல்வதைத் தடை செய்தது. புது ஆட்கள் வருவது குறைந்தது. அதற்குப் பிறகு கும்மிப் பாட்டு ஊரிலிருந்து வரவில்லை, லயத்து வீட்டில் அம்மாவிடமிருந்து மகளுக்குத்தான் வந்தாக வேண்டும். இங்கே கும்மி ஒரு குடும்ப மரபானது இப்படித்தான்.

என் கொள்ளுப்பாட்டி நாமக்கல் பக்கத்திலிருந்து குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்தவர். பாட்டி 1940ல் அதே தோட்டத்தில் பிறந்தார். கொள்ளுப்பாட்டி தெரிந்த பாட்டையெல்லாம் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். எப்படி? உட்கார வைத்து அல்ல. கும்மி வட்டத்தில் தனக்கும் நாத்தனாருக்கும் நடுவில் மகளை நிறுத்திவிடுவார். காலும் கையும் தானாகப் பழகும்!

*கும்மி எப்படி ஓடும்?*

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்கள் வட்டமாக நிற்பார்கள். நடுவில் விளக்கோ, பொங்கல் பானையோ, மாரியம்மன் திருவிழா என்றால் முளைப்பாரிச் சட்டிகளோ இருக்கும். பாட்டுத் தெரிந்த ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஒரு காலை முன் வைத்துக் குனிந்து கை தட்டி, நிமிர்ந்து திரும்பித் தட்டி, வட்டம் மெல்ல நகரும். மேளம் வேண்டாம், சலங்கை வேண்டாம், உடை வேண்டாம். கைத்தட்டல்தான் தாளம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தாளம் காதால் மட்டும் வருவதில்லை, கண்ணாலும் வருகிறது. எதிரே நிற்பவள் கை எப்போது இறங்குகிறது என்று பார்த்துத்தான் உங்கள் கையும் இறங்கும். எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தோட்டத்தில் இதற்கு நேரம் ஏது என்று கேட்கலாம். விடியுமுன் பெரட்டு, பிறகு பால் வெட்டு, மதியம் பால் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோவது, மாலையில் அடுப்பு. பொங்கல், ஆடி, மாரியம்மன் திருவிழா, பெண் பிள்ளைகளின் சடங்கு, கல்யாண வீட்டு இரவு இவைதான் கும்மிக்குரிய நாட்கள். முளைப்பாரி வளரும் நாட்களில் மட்டும் தினமும் இரவு கொஞ்ச நேரம். கோயில் வாசலோ, லயத்துக்கு எதிரே இருந்த திடலோ போதும். யாரும் வாடகை கேட்கவில்லை.

அதே நேரம், அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டி அதை அனுமதித்ததே இல்லை. ஊரிலிருந்து வந்த சாதியும் கப்பலேறித்தான் வந்தது. பல தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்துப் பிரிந்திருந்தன. எந்த வட்டத்தில் யார் நிற்கலாம் என்ற எழுதாத சட்டம் இருந்தது. கணவனை இழந்த பெண் வட்டத்துக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். "நல்ல பாட்டுக்காரி ஒருத்தி, புருசன் செத்த பிறகு வாயைத் திறக்கவே இல்லை" என்று பாட்டி ஒருமுறை சொன்னார். நாம் காக்க வேண்டியது எது, கழற்றிப் போட வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இதையும் சொல்கிறேன்.

ஜப்பானியர் காலத்தில், 1942, 43ல், தோட்டத்து ஆண்கள் பெருமளவில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பல குடும்பங்களில் திரும்பி வராதவர்கள் உண்டு. 1948ல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது முடிய 1960 ஆயிற்று. ஊரடங்கு இருந்த இரவுகளில் திடலில் கூட முடியுமா? அப்போதும் வீட்டு வாசலில், கூடத்தில், சன்னக் குரலில் பாட்டு தொடர்ந்தது. வட்டம் சுருங்கியதே தவிர, அறுந்துபோகவில்லை.

*பக்கத்துக் கம்பத்தில் ஸாப்பின்*

நம் ஜொகூரிலேயே குடும்பம் குடும்பமாகக் கைமாறிய இன்னோர் ஆடல் உண்டு. அதுதான் ஸாப்பின். ஏமனின் ஹட்ரமாவ்த் பகுதியிலிருந்து வந்த அரபு வணிகர்களோடும் சமயப் பெரியோர்களோடும் வந்து, மலாய் மண்ணில் ஊறி மலாய்க் கலையானது. கம்புஸ் என்ற நரம்பிசைக் கருவி தக்சிம் என்னும் முன்னிசையைத் தனியே வாசிக்கும். பிறகு மர்வாஸ் என்ற சிறு கைம்மேளங்கள் சேர, ஆடுபவர்கள் எதிரெதிரே நின்று கால்களால் கோலமிடுவார்கள். கல்யாணம், மௌலிதுர் ரசூல் போன்ற நாட்களில் வீட்டுக் கூடமும் வாசல் பந்தலும்தான் அரங்கம். தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியது. பிற்காலத்தில் பெண்களும் சேர்ந்தார்கள்.

மூவார், பத்து பகாட், பொந்தியான், மெர்சிங் வட்டாரங்களில் ஊருக்கு ஒரு ஸாப்பின் உண்டு. ஸாப்பின் லெங்கா, ஸாப்பின் தெங்லு என்று ஆடலின் பெயரிலேயே ஊரின் பெயர் இருக்கும். 1993ல் பேராசிரியர் முகமது அனிஸ் முகமது நோர் ஸாப்பினைப் பற்றி ஆய்வு நூல் வெளியிட்டார். மாநிலப் பண்பாட்டு அமைப்புகள் ஆதரவு தந்தன. இன்று ஜொகூர் என்றால் ஸாப்பின் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பத்து பகாட், மூவார் பக்கத்து ஜாவா வம்சாவளிக் குடும்பங்கள் ஆடிய கூடா கெப்பாங் குதிரை ஆட்டமும் இப்படி ஊரோடு ஒட்டி வளர்ந்ததுதான்.

ஸாப்பின் பெயரில் ஊர் இருக்கிறதே, நம் கும்மியில் ஏன் இல்லை? 'ரெங்கம் கும்மி', 'லாபிஸ் கோலாட்டம்' என்று எதையாவது கேள்விப்பட்டிருக்கிறோமா? நம் பாட்டிகள் குறைவாகப் பாடினார்களா? இல்லை. கம்பத்தில் வீடும் வாசலும் குடும்பத்தினுடையவை. பேரன் வளர்ந்து ஆடும்போதும் அதே வாசல் இருக்கும். தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். திடல் துரையுடையது, கோயில் நிலமும் கம்பெனியுடையது. நாம் மூன்று தலைமுறையாக மிதித்த மண் நமக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை.

ஆடலைப் பற்றிப் பேசும்போது பாட்டையும் அடவையும்தான் எண்ணுகிறோம், தரையை எண்ணுவதில்லை. ஆனால் தரைதான் முதல் வாத்தியம்.

*திடல் போன கதை*

1950களிலும் 60களிலும் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். அதைத் தடுக்கத்தான் 1960ல் துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. நிலம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அன்றே உணர்ந்தவர் அவர்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ரப்பர் அளவுக்கு ஆள் வேண்டாம். இளையவர்கள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள். ஷிப்டு வேலை வந்தது. ஆடி வெள்ளியில் அம்மா இரவு ஷிப்டு, அத்தை பகல் ஷிப்டு என்றால் வட்டத்தில் யார் நிற்பது? 2006ல் இஸ்கந்தர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு தென் ஜொகூரில் செம்பனை நின்ற இடங்கள் பல நகரமாயின.

மேம்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என் அம்மா லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர். தாமான் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்த முதல் நாள் அழுதேன் என்பார். ஆனால் அந்த இணைப்பு வீட்டில் முன்புறம் கார் நிற்கும் இடம்தான் வாசல். பத்துப் பெண்கள் வட்டமாக நின்றால் பதினோராவது ஆள் கேட்டில் இடிப்பார். பொது மண்டபம் வேண்டும் என்றால் முன்பதிவு, வாடகை, வைப்புத்தொகை. வாடகை கொடுத்து யாராவது கும்மி தட்டுவார்களா? பிறந்தநாள் விருந்து வைப்பார்கள், அதற்கு ஒலிபெருக்கிக்காரரை அழைப்பார்கள்.

இப்படிக் கும்மி வீட்டை விட்டு மேடைக்குப் போனது. மேடைக்குப் போனது முழுக்கத் தீமை என்றும் சொல்ல முடியாது. 1952ல் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள், சாதி சமயம் கடந்து தமிழர்களை ஒரே பந்தலின் கீழ் உட்கார வைத்தது. இத்தகைய விழாக்களிலும் பள்ளி மேடைகளிலும் எந்த வீட்டுப் பிள்ளையும் கோலாட்டக் கோலைப் பிடிக்கலாம் என்று ஆனது. தோட்டத்து வட்டத்தில் நுழைய முடியாதவளுக்கு மேடை இடம் கொடுத்தது. அது பெரிய காரியம்.

ஆனால் மேடைக்கு ஒரு முன்பக்கம் உண்டு. அங்கே நீதிபதி உட்கார்ந்திருப்பார், பிரமுகர் உட்கார்ந்திருப்பார். வட்டம் மெல்ல அரைவட்டமாகி, பிறகு வரிசையானது.

*நான் திறந்த வட்டம்*

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஊடகத் துறையில் டிப்ளோமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்குத் தோட்டத்துக் கும்மியைப் படம் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னேன். பாட்டியும் அவருடைய பழைய தோட்டத்துத் தோழிகள் ஆறு பேரும் சம்மதித்தார்கள். கூலாய்ப் பக்கம் ஒரு கோயில் வளாகத்தில் ஏற்பாடு. எழுவரும் ஒரே நிறச் சேலை கட்டியிருக்க வேண்டும் என்று நான்தான் சொல்லி, வாங்கியும் கொடுத்தேன்.

வட்டமாக நின்றார்கள். பாட்டு தொடங்கியது. ஒளிப்பதிவாளர் நிறுத்தச் சொன்னார். மூன்று பேருடைய முதுகு மட்டும்தான் தெரிகிறது, வட்டத்தைத் திறந்து கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அவர் வேலையை அவர் செய்தார். நான் போய்ப் பாட்டியிடம், "பாட்டி, கொஞ்சம் முன்பக்கம் பார்த்து நில்லுங்கள்" என்றேன்.

பாட்டி என்னைப் பார்த்தார். "வட்டத்துக்கு ஏது கண்ணு முன்பக்கம்?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர்கள் அரைவட்டமாக நின்றார்கள். பேத்தி வேலை கெட்டுவிடக் கூடாது என்று நின்றார்கள். பாட்டு மூன்றாவது கண்ணியில் தடுமாறியது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது. வயதாகிவிட்டது, மறந்துவிட்டது என்று நினைத்தேன். முதல் இரண்டு கண்ணி போதும் என்று முடித்துக்கொண்டோம். ஒளிபரப்பானது ஒன்றரை நிமிடம். உறவினர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

மறதி இல்லை என்று எனக்குத் தெரிய வந்தது பாட்டி போன பிறகு. காரியத்துக்கு வந்த அந்தத் தோழிகளில் ஒருவர் சொன்னார்: "மறக்கலைம்மா. எதிர்ல நிக்கிறவ கையைப் பார்த்தாத்தான் அடுத்த அடி வரும். அன்னைக்கு எதிர்ல யாரும் இல்லையே, பெட்டிதானே இருந்துச்சு."

அந்தப் பாட்டின் மீதிக் கண்ணிகள் இப்போது யாரிடமும் முழுதாக இல்லை. அம்மாவுக்குப் பாதி தெரியும், அத்தைக்குக் கொஞ்சம் தெரியும். என்னிடம் இருக்கும் பதிவில் நல்ல வெளிச்சம், நல்ல ஒலி, ஒரே நிறச் சேலை எல்லாம் இருக்கின்றன. பாட்டு மட்டும் பாதிதான் இருக்கிறது.

நம் நாட்டில் 1963 டிசம்பர் 28ல் தொலைக்காட்சி தொடங்கியது. நமக்கு அது எவ்வளவோ கொடுத்திருக்கிறது, எனக்குச் சோறும் போடுகிறது. 1996ல் தமிழுக்கென்றே தனி அலைவரிசை வந்தபோது என் அம்மா பட்ட மகிழ்ச்சியை நான் அறிவேன். ஆனால் சேர்ந்து ஆடுவதைப் பார்த்து ரசிப்பதாக மாற்றியதில் எங்கள் பெட்டிக்கும் பங்குண்டு. கோயில் வளாகத்தில் வட்டத்தைத் திறக்கச் சொன்னது நான்தான்.

*மற்ற ஊர்களில் என்ன நடந்தது?*

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. சேர்ந்து ஆடுவது வெள்ளைக்காரர் பழக்கம் என்றாரே தம்பி, அவர்களில் ஒரு நாட்டின் கதையைக் கேளுங்கள். அயர்லாந்துக் கிராமங்களில் வீட்டுச் சமையற்கட்டிலும் நாற்சந்திகளிலும் அக்கம்பக்கத்தார் கூடி ஆடுவது வழக்கம். 1935ல் பொது நடனக் கூடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அதைக் காட்டி வீட்டு ஆட்டங்களையும் தடுத்தார்கள். ஆட்டம் உரிமம் பெற்ற கூடத்துக்குள் போனது, சமையற்கட்டு அமைதியானது. பாட்டும் அடவும் தெரிந்தவர்கள் இருந்தும், தரை போனதால் பழக்கம் தேய்ந்தது.

இலங்கை மலையகத்தைப் பாருங்கள். நம்மைப் போலவே தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட மக்கள். மாசி மாதத்தில் அங்கே காமன் கூத்து நடக்கும். காமனைச் சிவன் எரித்த கதையும் ரதியின் புலம்பலுமாகத் தோட்டமே கூடி நடத்தும் சடங்குக் கூத்து அது. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளும் உண்டு. லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பிறகும், எஞ்சியவர்களில் பலர் அதே லயங்களில், அதே கோயில் திடலைச் சுற்றியே வாழ்கிறார்கள். அவர்களுடைய வறுமைக்கு நாம் ஏங்க வேண்டியதில்லை. நிலமும் நல்ல வீடும் கேட்டு அவர்கள் இன்றும் போராடுகிறார்கள். ஆனால் திடலோடு மக்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் கூத்தும் தங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கொங்கு நாட்டில் வேறு கதை. அங்கே வள்ளித் திருமணக் கதையைப் பாடும் வள்ளி ஒயில் கும்மி ஆண்களுடையதாக இருந்தது. கோவை மாவட்டத்து பத்திரப்பன் அய்யா அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே மைதானத்தில் கும்மி ஆடுகிறார்கள். சில இடங்களில் கும்மியோடு சாதிப் பெருமையும் கலக்கிறது என்ற விமர்சனமும் எழுந்திருக்கிறது. அதிலும் நமக்குப் பாடம் உண்டு. பழையதை மீட்கும்போது பழைய வேலியையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது. நம் வட்டத்தில் எந்த வீட்டுப் பெண்ணும் நிற்கலாம், கணவனை இழந்தவர்தான் முதல் அடி எடுத்துக் கொடுக்கலாம் என்று தொடங்கினால் என்ன?

*நமக்கு மிஞ்சியிருக்கும் திடல்*

நம்மிடம் திடலே இல்லையா? இருக்கிறது. ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டமே போய்ச் சுற்றிலும் தாமான் வந்த பிறகும், பள்ளி தாமானுக்கே இடம் மாறிய பிறகும், பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கிறது! அந்தப் பள்ளித் திடல்களும் கோயில் வாசல்களும்தான் இன்று நம் கையில் உள்ள தரை.

பொங்கல் விழாவில் மாணவர் படைப்பு என்று ஒன்றும், பெற்றோர் உரை என்று ஒன்றும் வைக்கிறோம். நிகழ்ச்சி நிரலில் கடைசி அரைமணி நேரத்தைக் காலியாக விடுங்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒலிவாங்கி வேண்டாம், பரிசு வேண்டாம், ஒரே நிறச் சேலையும் வேண்டாம். பாட்டிகளை நடுத்திடலுக்கு அழையுங்கள். அம்மாக்கள் சேரட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் தெரிந்தவர்கள் இருவருக்கு நடுவில் நிறுத்துங்கள். பையன்களையும்தான். ஸாப்பினில் பெண்கள் சேரலாம் என்றால் கும்மியில் பையன்கள் சேரக் கூடாதா?

பதிவு செய்ய வேண்டும் என்றால் செய்யுங்கள். ஆனால் கைப்பேசியை எங்காவது உயரத்தில் வைத்துவிட்டு நீங்களும் வட்டத்துக்குள் வாருங்கள். முதுகு தெரிந்தால் தெரியட்டும்.

இந்த ஆண்டு பொங்கலன்று எங்கள் தாமான் கோயில் வாசலில் இதைச் செய்து பார்த்தோம். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்காமார்கள், நான்கு சிறுமிகள், ஒரு சிறுவன். எனக்கு அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் இடம். கால் மூன்று முறை தவறியது. அத்தை பாடுவதை நிறுத்தாமலேயே என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அம்மாவுக்கு மறந்துபோன ஒரு வரி அத்தையின் கையைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. பாட்டியின் பாட்டில் இன்னொரு கண்ணி அன்று கிடைத்தது.

இன்னும் சில கண்ணிகள் யாரோ ஒரு பாட்டியிடம், ரெங்கத்திலோ லாபிஸிலோ கோத்தா திங்கியிலோ இருக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பாட்டியிடமே இருக்கலாம். பாடிக் காட்டுங்கள் என்று அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். மேசையை ஓரமாக நகர்த்திவிட்டு, அவர்களுக்கு எதிரே போய் நில்லுங்கள்.